ட்ரெக்கிங் ஸ்டிக் இருந்தும் வலிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

முதுகு வலி, முட்டி வலி உள்ளவர்கள் மொரிஷியசின் சுலபமான பாதைகளுக்கு ட்ரெக்கிங் ஸ்டிக் எடுத்துப் போவது இப்போது சாதாரணம். வாங்கியபின் வரும் புகார்களும் ஏறக்குறைய ஒன்றே: முட்டி இன்னும் வலிக்கிறது, தோள் புதிதாக வலிக்கிறது, கோலின் நீளத்தைப் பிடித்து நிறுத்தும் பூட்டு இறங்குகிறது, பாறையில் நுனி நிற்கவில்லை. மலிவான கோல் வாங்கிவிட்டோமே என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பிழை உயரத்திலோ, கைப்பிடியில் கை நுழைக்கும் வாரிலோ, ஊன்றும் இடத்திலோ இருக்கும். அதனால் ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில் வரும், காசு கரைக்கும் காரணம் கடைசியில். உங்கள் அறிகுறிக்கு நேரே போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

கையில் வேண்டியவை: தையல் டேப், அழியாத மார்க்கர், பூட்டின் திருகுக்குப் பொருந்தும் சிறு ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், உலர்ந்த துணி.

## கோலைத் தொடும் முன்: இன்று நடக்கலாமா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கோலைச் சரிசெய்து பயனில்லை.

- முதுகு வலியோடு கால் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போதல்: உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது சாமு ஆம்புலன்ஸை 114-ல் அழையுங்கள். நாளை வரை பொறுக்க வேண்டாம்.
- ஒரு மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, சூடாக இருப்பது. கூடவே காய்ச்சல்: அன்றே மருத்துவர்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, அல்லது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்: இதுவும் அவசரம்.
- விழுந்தபின் காலில் எடை வைக்க முடியாதது, முட்டி மடக்கிய நிலையில் பூட்டிக்கொள்வது.
- இரவில் படுத்தாலும் விடாத முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது.

நின்றபடி முழு உடல் எடையையும் தாங்க உங்களுக்கு ஒரு தடி தேவைப்படுகிறதென்றால், ட்ரெக்கிங் கோல் உங்களுக்கானது இல்லை. அது நடையோடு சேர்ந்து கொஞ்சம் எடை வாங்கும் கருவி. பிசியோதெரபிஸ்டிடம் அளந்து வாங்கும் கைத்தடியோ வாக்கரோ வேறு.

## அளவு: எல்லா அறிகுறிக்கும் முன்னால்

மலைக்குப் போடும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு சமதரையில் நில்லுங்கள். நுனியைக் கால் விரல்களுக்குப் பக்கத்தில் ஊன்றி, கைப்பிடியைப் பிடியுங்கள். மேல்கை உடம்போடு ஒட்டியிருக்க, முன்கை தரைக்கு இணையாக வந்தால் அளவு சரி. வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து போன் படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்த்துச் சரிசெய்தால் தலை திரும்பும்போதே தோளும் உயர்ந்துவிடும்.

கணக்காக வேண்டுமென்றால் உயரத்தை 0.68 ஆல் பெருக்குங்கள். 150 செ.மீ. உயரத்துக்கு 102, 160-க்கு 109, 170-க்கு 116, 180-க்கு 122 செ.மீ. வரும். கோலில் அச்சிட்ட எண்ணை முழுதாக நம்ப வேண்டாம்; சில கோல்களில் ரப்பர் பூண் (நுனியில் மாட்டும் மூடி) சேர்ந்த அளவு, சிலவற்றில் சேராத அளவு. டேப் வைத்து அளந்து, உங்கள் அளவில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஏற்றத்துக்கு அந்தக் கோட்டிலிருந்து 5 செ.மீ. குறைவாகவும், நீண்ட இறக்கத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கூடுதலாகவும் இன்னும் இரண்டு கோடு. சிறு மேடுபள்ளத்துக்கெல்லாம் நின்று நின்று மாற்ற வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே போக்கில் ஏறினாலோ இறங்கினாலோ மாற்றினால் போதும்.

வார் மாட்டும் விதம்: கையைக் கீழிருந்து வளையத்துக்குள் மேலே நுழைத்து, பிறகு வாரையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வார் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஓடி, மணிக்கட்டின் கீழ்ப்பக்கம் தட்டையாக உட்காரும். சரியாக மாட்டியிருந்தால் விரல்களை விரித்தாலும் கோல் கையோடு தொங்கும். எடை வாரில் இறங்கும். மேலிருந்து கையை விட்டு மாட்டுபவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முழு எடையும் விரல் பிடியிலேயே நிற்கும்.

## அறிகுறி: இறங்கும்போது முட்டி வலி

### முட்டியின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலித்தால்

முதல் சோதனை: அரை ஆள் உயரச் சரிவு ஒன்றில் கோல் இல்லாமல் ஒருமுறை, கோலோடு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். வலியில் வித்தியாசமே இல்லையென்றால் கோல் உங்களோடு சும்மா வருகிறது, எடை வாங்கவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் காணும் பிழை. 1999-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரிய ஆய்வில் 25 பாகைச் சரிவில் இரு கோலோடு இறங்கியவர்களின் முட்டி மூட்டு மீதான விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. கோலில் உண்மையாகவே சாய்ந்தால்தான் அந்தக் குறைவு கிடைக்கும்.

காரணங்கள், சுலபமானதிலிருந்து:

1. கோல் காலுக்குப் பின்னால் விழுகிறது. சமதரையில் அது சரி, இறக்கத்தில் தவறு. இரு கோலையும் ஒரு சிறு அடி முன்னால், கீழே ஊன்றுங்கள். கோல் எடை வாங்கியது கையில் தெரிந்தபின்தான் கால் கீழே இறங்க வேண்டும். வரிசை: கோல், கோல், வலிக்கும் கால், நல்ல கால்.
2. நீளம் போதவில்லை. ஊன்றும்போது இடுப்பிலிருந்து குனிய நேர்ந்தால் 5 செ.மீ. நீட்டுங்கள். இன்னும் குனிந்தால் மேலும் 5. பூட்டின் பக்கத்தில் 'ஸ்டாப்' கோடு இருக்கும். அதைத் தாண்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். தாண்டினால் உள்ளே சேர்ந்திருக்கும் குழாய் போதாமல் அந்த இடத்தில்தான் முறியும்.
3. அடி பெரிது. பாதி அடி வையுங்கள். உயரமான கல்லிலிருந்து இறங்குவதென்றால் பக்கத்தில் சிறு கல்லைப் படியாக எடுத்துக்கொள்ளுங்கள்.
4. ஒற்றைக் கோல். முட்டிக்கு இரண்டு கோல்தான் பொருத்தம். செலவு என்று ஒன்றே வாங்கியிருந்தால் அதை வலிக்கும் முட்டிக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கமே பிடிப்பது இயல்பாக வந்துவிடும், ஆனால் அது எடையை அதே பக்கம்தான் தள்ளும்.
5. ஷூவின் அடி தேய்ந்தது. கால் சறுக்கிச் சறுக்கி நின்றால் முட்டிதான் பிரேக் போடுகிறது. கோலை மாற்றுவதற்கு முன் ஷூவை மாற்றுங்கள்.
6. பாதை பொருந்தவில்லை. லெ பூஸ் மலை 812 மீட்டர்தான் என்றாலும் கடைசிப் பகுதி செங்குத்து. இறக்கத்தில் முட்டி அதைத் தனியாகச் சுமக்கும். வலி அடங்கும் வரை பெட்ரேனிலிருந்து மக்காபே காட்டுக்குள் போகும் அகலமான மண்பாதை போன்ற இடம் போதும். கியூர்பிப்பில் ட்ரூ ஓ செர் எரிமலை வாயைச் சுற்றிய சாலை அளவைச் சோதிக்கச் சிறந்த இடம். தார் ரோடு என்பதால் ரப்பர் பூண் அவசியம்.

### முட்டி வீங்கினால், நடுவில் நழுவினால், பூட்டினால்

நடந்த மறுநாள் முட்டியைச் சுற்றி வீக்கம் தெரிவது, திடீரென கால் மடங்கி விட்டுவிடுவது, நீட்ட முடியாமல் சிக்கிக்கொள்வது: இவை கோலால் தீராதவை. மூட்டுச் சவ்வா, நாரா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குவது இதில் மிக மோசமான வழி. எச்சரிக்கும் மணியைப் பஞ்சு வைத்து அடைப்பது போல.

### படிக்கட்டில் மட்டும் வலித்தால்

கோர் த கார்ட் மலை அடிவாரத்து முருகன் கோவிலுக்கு ஏறுபவர்கள் இதைத்தான் அதிகம் கேட்பார்கள். ஏறும்போது முதலில் நல்ல கால், பிறகு வலிக்கும் காலும் கோலும். இறங்கும்போது முதலில் கோலும் வலிக்கும் காலும், பிறகு நல்ல கால். கைப்பிடிக் கம்பி இருந்தால் ஒரு கை கம்பியில். இரு கோலையும் சேர்த்து மறு கையில் பிடியுங்கள். கம்பியைவிடக் கோல் நம்பகமானது என்று எண்ண வேண்டாம். படிகளில் வார் மாட்டாதீர்கள்.

## அறிகுறி: கீழ் முதுகு வலி

இங்கே முதலில் ஒரே ஒரு கேள்வி: நடக்கும்போது முன்னால் சாய்ந்தால் வலி குறைகிறதா, கூடுகிறதா? சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கும்போது எப்படி இருக்கிறதென்று நினைத்துப் பாருங்கள்.

### சாய்ந்தால் குறைகிறது. நிமிர்ந்து நடந்தால் கால் வரை இழுக்கிறது

வயதானவர்களிடம் அதிகம் காணும் வகை இது. உங்கள் அளவிலிருந்து கோலை 3 முதல் 5 செ.மீ. குறைத்து, இரு கோலையும் உடம்புக்குச் சற்று முன்னால் ஊன்றி, லேசாகச் சாய்ந்த நிலையில் நடந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கல்லில் உட்கார்ந்து முன்னால் குனிவது இவர்களுக்கு உதவும். நடக்கும் தூரம் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். பாதம் தொங்கி விரல் தரையில் இடித்தால் தாமதிக்காதீர்கள்.

### சாய்ந்தால் கூடுகிறது. உட்கார்ந்து எழுந்தாலும் பிடிக்கிறது

கோல் குட்டை என்பதுதான் முதல் சந்தேகம். பக்கவாட்டுப் படத்தில் காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். காது முன்னால் தள்ளி நின்றால் 2 செ.மீ. 2 செ.மீ. ஆக நீட்டுங்கள், தோள் உயரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி அரை செ.மீ. பின்வாங்குங்கள்.

சீனக் கொய்யா பறிக்கும் பருவத்தில் இந்த வகை முதுகுவலி கூடிவிடும். நடையால் வருவதாகத் தோன்றும். உண்மையில் காட்டோரம் குனிந்து குனிந்து பறித்தபின் அதே முதுகோடு இறங்குவதால் வருகிறது. பறிக்கும்போது ஒரு கோலை ஊன்றி, முட்டியை மடக்கி இறங்குங்கள், இடுப்பை மடக்காதீர்கள். பழப்பையைக் கையில் தொங்கவிட்டு நடக்கவும் வேண்டாம்.

### ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது

1. இரு கோலும் ஒரே நீளமா? பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 2 செ.மீ. வித்தியாசம்கூட ஒரு மணி நேரத்தில் தெரியும். நடுவழியில் ஒரு பூட்டு மெல்ல இறங்கியிருந்தால் இப்படித்தான் ஆகும்.
2. எதிர்க் கை, எதிர்க் கால் என்று போகிறதா? வலது கால் முன்னே போகும்போது இடது கோல் ஊன்ற வேண்டும். ஒரே பக்கக் கையும் காலும் சேர்ந்து போனால் இடுப்பு ஒவ்வோர் அடியிலும் ஆடும். சிக்கிக்கொண்டால் கோலை வாரில் தொங்கவிட்டு, தரையில் இழுத்தபடி இருபது அடி இயல்பாகக் கை வீசி நடங்கள். தாளம் தானாக வந்தபின் பிடியுங்கள்.
3. பையின் எடை ஒரு தோளில் இருக்கிறதா? ஒற்றைத் தோள் பை இந்த வலிக்கு ஆகாது. இரு தோள் பை, இடுப்பு பெல்ட், மொத்த எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். 60 கிலோ ஆளுக்குத் தண்ணீர் சேர்த்து 6 கிலோ என்பது உச்சவரம்பு. சுலப நடைக்கு 3 கிலோவிலேயே முடித்துவிடலாம்.
4. இடுப்பு மூட்டில், கவட்டையில் வலி: ஒரே கோல் என்றால் எதிர்க் கையில். ஷூவின் நாடா கட்டக்கூடக் காலை மடக்க முடியவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: தோளும் கழுத்தும் புதிதாக வலிக்கின்றன

கோல் வாங்குவதற்கு முன் இந்த வலி இல்லையென்றால் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கோல் நெட்டை. ஏற்றத்திலும் சமதரை நீளத்திலேயே விட்டுவிடுபவர்களுக்குக் கை மார்புக்கு மேலே போய்விடும். 5 செ.மீ. குறைத்து அரை மணி நேரம் நடங்கள்.

குறைத்தும் போகவில்லையென்றால் கைகளின் இடைவெளியைப் பாருங்கள். கோல்கள் தோள் அகலத்தில் இருக்க வேண்டும். விரிந்து போனால் தோள் மூட்டுதான் தாங்கும். உயரமான கல்லில் கோலை ஊன்றி உடம்பை மேலே இழுப்பதும் தோளைக் கெடுக்கும். கோல் தள்ளுவதற்கு, இழுப்பதற்குக் கால் இருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாத அளவு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் பிசியோதெரபிஸ்ட்.

## அறிகுறி: மணிக்கட்டு வலி, விரல் மரப்பு, உள்ளங்கைக் கொப்புளம்

விரல் வெளுக்கும் அளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களா? முதலில் அதைப் பாருங்கள். வாரைச் சரியாக மாட்டி, மூன்று விரலால் வழிகாட்டினால் போதும். பயத்தால் இறுக்குபவர்கள் தட்டையான பாதையில் பழகட்டும்.

- சுண்டுவிரல் பக்கம் மரத்தால்: கைப்பிடியின் மேல் குமிழில் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் அழுத்தியதால். அந்தப் பிடி இறக்கத்தில் சில அடிகளுக்கு மட்டும்.
- கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால்: மணிக்கட்டு பின்னால் மடங்கிய நிலையில் ஊன்றுகிறீர்கள், அல்லது வார் மிக இறுக்கம். வாரைத் தளர்த்துங்கள். இரவிலும் மரத்து எழுப்பினால் அது மணிக்கட்டு நரம்பு அழுத்தம், மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரல் மரப்பைக் கோல் மேல் போட்டு விட்டுவிட வேண்டாம். இந்தத் தீவில் அது எத்தனை வீட்டில் இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும். பாதத்திலும் மரப்பு இருந்தால் நடந்து வந்தவுடன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்; கொப்புளம் வலிக்காமலே புண்ணாகும்.
- கட்டைவிரல் மூட்டில் வலி (மூட்டுவாதம்): மெல்லிய கைப்பிடியை இறுக்க முடியாது. பேட்மின்டன் ராக்கெட்டுக்குச் சுற்றும் கிரிப் டேப்பை ஒரு சுற்று, வேண்டுமானால் இரண்டு சுற்று சுற்றித் தடிமனாக்குங்கள். புதுக் கோல் வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.
- கொப்புளம்: கடற்கரைப் பக்க வெக்கையில் ரப்பர் கைப்பிடி வியர்வையில் ஒட்டி உரசும். நுரைக் கைப்பிடி மென்மையாக இருக்கும், வியர்வையையும் குடித்து வைத்துக்கொள்ளும். கழுவிக் காயவைக்காவிட்டால் நாறும். வெப்ப மண்டலத்துக்குக் கார்க்தான் சிறந்தது. பிடிக்குப் பழகி வளையும், ஈரத்திலும் வழுக்காது. கார்க்கின் ஓரம் உதிர்ந்தால் நைசான உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு போதும்.

முழங்கை வெளிப்பக்கம் வலித்தால் நுனியைத் தரையில் ஓங்கிக் குத்துகிறீர்கள் என்று பொருள். மெதுவாக வையுங்கள், கல், சிமென்ட் தரையில் ரப்பர் பூண் போடுங்கள். அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங் வைத்த கோல் வாங்கலாமா என்று கேட்பார்கள். இறக்கத்தில் மணிக்கட்டுக்குச் சற்றே இதம் கிடைக்கும், முட்டிக்கு அநேகமாக ஒன்றுமில்லை. எடை கூடும், பழுதாகும் உறுப்பு ஒன்று கூடும். ஊன்றும்போது கோல் அமிழ்வது தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு நம்பிக்கையைக் குலைக்கும். முதுகு, முட்டிக்காக வாங்குபவர்கள் ஸ்பிரிங்குக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு.

## அறிகுறி: எடை வைத்தால் கோல் உள்ளே இறங்குகிறது

வலியைவிட இது ஆபத்து. முதுகு பிடித்தவர் கோலை நம்பிச் சாயும் நொடியில் அது 10 செ.மீ. இறங்கினால் விழுவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு நடைக்கும் முன் வீட்டு வாசலிலேயே சோதியுங்கள்: கோலை நேராக நிறுத்தி, இரு கையையும் மேலே வைத்து, மெல்ல மெல்ல உடம்பின் பாதி எடையை ஏற்றுங்கள். அசையக் கூடாது.

### கிளிப் போல மூடும் பூட்டு

1. கிளிப்பைத் திறந்து, உள்ளே மண் இருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள். குழாயையும் துடையுங்கள். எண்ணெய் தடவிய கை பட்டிருந்தால் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு.
2. திருகை வலப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள். மூடிப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி மூட வேண்டும். ஒரு விரலால் சுலபமாக மூடினால் இன்னும் கால் சுற்று. இரு கையும் தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம். பிளாஸ்டிக் கிளிப் வெடிக்கும்.
3. திருகு சும்மா சுற்றினால் மரை போயிருக்கிறது. கிளிப்பில் முடி போன்ற விரிசல் இருந்தாலும் அதே கதை. கிளிப்பை மட்டும் மாற்றலாம், கோலை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள்.

### திருகி இறுக்கும் பூட்டு

கீழ்த் துண்டை முழுதாக வெளியே இழுங்கள். அதன் தலையில் திருகோடு ஒரு பிளாஸ்டிக் கூம்பு இருக்கும். திருகும்போது அது விரிந்து மேல் குழாயின் உட்சுவரைப் பிடிக்கும். பிடி விட்டதென்றால் ஒன்று மணல், அல்லது வியர்வை ஈரம், அல்லது கூம்பு தேய்ந்தது.

பிரஷால் கூம்பைத் துலக்குங்கள். மேல் குழாய்க்குள் துணியைக் குச்சியில் சுற்றி நுழைத்துத் துடையுங்கள். இரவு முழுதும் துண்டு துண்டாகக் காயவிடுங்கள். பிறகு கூம்பைக் கையால் கொஞ்சம் விரித்து, குழாயில் நுழைத்து, லேசாக ஒரு பக்கம் சாய்த்தபடி திருகுங்கள். அப்போதுதான் கூம்பு சுவரைத் தொட்டுப் பிடிக்கத் தொடங்கும். எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் போடாதீர்கள். ஒருமுறை எண்ணெய் போட்டால் அந்தப் பூட்டு மறுபடி நம்பும்படி பிடிக்காது.

மூட்டுவாதம் பிடித்த விரல்களால் இந்தப் பூட்டை இறுக்குவதே கஷ்டம். பாட்டிக்கோ தாத்தாவுக்கோ வாங்குகிறீர்களென்றால் கிளிப் பூட்டைத் தவிர வேறு பார்க்க வேண்டாம்.

### பூட்டு திறக்கவே மறுக்கிறது

கடற்காற்றில் உப்பு சேர்ந்து அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டும். இணைப்பை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ரப்பர் கையுறை போட்ட இரண்டு பேர் எதிரெதிராகத் திருகுங்கள். கொறடு வைக்காதீர்கள், குழாய் நசுங்கினால் கதை முடிந்தது. இனி வராமலிருக்க, ஒவ்வொரு நடைக்குப் பிறகும் துண்டுகளைப் பிரித்துக் காயவிடுவது ஒன்றே வழி. காரின் டிக்கியில் பூட்டியபடி கிடக்கும் கோல்தான் அதிகம் ஒட்டுகிறது.

### மடக்குக் கோலின் துண்டுகள் தளர்ந்து ஆடுகின்றன

உள்ளே ஓடும் கயிறு நீண்டுவிட்டது. பல மாடல்களில் கைப்பிடிக்குக் கீழோ, அடித்துண்டின் மேலோ கயிற்றை இறுக்கும் திருகு இருக்கும். அதை முறுக்கி இறுக்கத்தைக் கூட்டலாம். கயிற்றின் உறை பிய்ந்திருந்தால் கடைக்காரர் வேலை.

## அறிகுறி: நுனி வழுக்குகிறது

தரை எது என்பதைப் பொறுத்தே பதில்.

தார், சிமென்ட், காய்ந்த கல்: ரப்பர் பூண் போடுங்கள். பூணின் அடியில் உலோகம் எட்டிப் பார்த்தால் உடனே மாற்றுங்கள்; பாதி தேய்ந்த பூண் இல்லாத பூணைவிட மோசம். புதுப் பூண் வாங்கும்போது பழையதையோ கோலையோ கையோடு கொண்டுபோங்கள், உள்வட்டம் கோலுக்குக் கோல் மாறும். தளர்வாக இருந்தால் நுனியில் எலெக்ட்ரிக் டேப் ஒரு சுற்று.

செம்மண், ஈர மண், புல்: பூணைக் கழற்றுங்கள். உலோக நுனி மண்ணில் குத்தி நிற்கும். நுனிக்கு மேலுள்ள பிளாஸ்டிக் வட்டைக் கழற்றிவிட வேண்டாம். அது இல்லாமல் மழைக்குப் பிந்தைய சேற்றில் கோல் ஒரு சாண் இறங்கும், வேர்களின் நடுவே சிக்கும். சிக்கிய கோலைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் பெரும்பாலான கோல்கள் முறிகின்றன. நின்று, திரும்பி, மேல்நோக்கி எடுங்கள்.

ஈரப் பாசி படிந்த எரிமலைக் கல்: எந்த நுனியும் நம்பிக்கைக்குரியதில்லை. கல்லின் மேல் ஊன்றாமல் கற்களின் நடுவே மண் தெரியும் இடத்தைத் தேடி ஊன்றுங்கள், வாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். வார் மாட்டிய கையோடு விழுந்தால் கட்டைவிரலின் நார் கிழியும்.

உலோக நுனி உருண்டு மழுங்கிவிட்டால் நுனியை மட்டும் மாற்றலாம். சில மாடல்களில் அது திருகி வரும். சிலவற்றில் இரண்டு நிமிடம் கொதிநீரில் பிடித்தபின் துணியால் பற்றி இழுத்தால் வரும்.

கைகால் இரண்டும் ஊன்றி ஏற வேண்டிய இடங்களில், உதாரணமாக லெ மோர்ன் மலையின் மேற்பகுதியில், கோலை மடக்கிப் பையில் வைத்துவிடுங்கள். முதுகு வலியோடு அங்கே போகவே வேண்டாம் என்பது தனி விஷயம்.

## அறிகுறி: கடகட சத்தம், வளைவு, கீறல்

சத்தம் மட்டும் என்றால் தளர்ந்த வட்டோ, பூணுக்குள் சிக்கிய கல்லோதான், துலக்கினால் போகும். வளைவு சந்தேகமாக இருந்தால் துண்டுகளைப் பிரித்து மேசை மேல் உருட்டுங்கள். குதித்துக் குதித்து ஓடும் துண்டு வளைந்தது. அலுமினியத்தைக் கையால் நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், வளைந்த இடம் பலவீனமானது. கார்பன் கோலில் பஞ்சை மெல்ல இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் இழை பிரிந்திருக்கிறது, அந்தத் துண்டை உடனே ஒதுக்குங்கள். அலுமினியம் வளைந்து எச்சரிக்கும், கார்பன் சொல்லாமல் முறியும். எடை தாங்க வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. கீழ்த் துண்டு மட்டும் தனியாகக் கிடைக்கும் மாடலாக இருந்தால் முழுக் கோலும் மாற்ற வேண்டியதில்லை.

## எல்லாம் சரிசெய்தும் போகவில்லை: புதுக் கோல்

இதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கோலோடு போய் நடந்து காட்டுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. பிழை நடையில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், காசும் மிச்சம்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச நீளம். 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கு ஏற்றத்தில் 97 செ.மீ. வரை இறங்க வேண்டும். 105-க்குக் கீழே வராத கோல்கள் நிறைய உண்டு, கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். ஒரே நீள மடக்குக் கோல்கள் பெரும்பாலும் 10 செ.மீ. இடைவெளியில் வருகின்றன, முதுகுக்கு நுணுக்கமாக மாற்ற வேண்டியவர்களுக்கு அவை ஒத்துவராது. அலுமினியம், கிளிப் பூட்டு, கார்க் கைப்பிடி, ஜோடிக்கு ஏறக்குறைய 500 கிராம் எடை: இந்த நான்கும் கிடைத்தால் மற்ற அலங்காரங்களுக்குக் காசு வேண்டாம். கைப்பிடிக்குக் கீழே தண்டில் நுரை சுற்றி இருந்தால் நல்லது. குட்டை ஏற்றங்களில் பூட்டைத் தொடாமலே கையைக் கீழே இறக்கிப் பிடிக்கலாம்.

கடைத் தரையிலேயே பூட்டி, பாதி எடையை ஏற்றிப் பாருங்கள். கிளிப்பை உங்கள் கையால், வலிக்கும் கையால், மூன்று முறை திறந்து மூடுங்கள். பிறகு அந்த மாடலுக்கு ரப்பர் பூண் தனியாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, இரண்டு ஜோடி சேர்த்து வாங்குங்கள்.